புல்பப் துப்பாக்கியும் கார்பைனும்: ஒரு சாண் நீளத்தின் விலை

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: குழலின் நீளத்தைக் குறைக்காமலேயே துப்பாக்கியின் மொத்த நீளத்தை ஒரு சாண் அளவுக்குக் குறைத்துத் தருகிறது புல்பப் அமைப்பு. அப்படியிருக்க, அதை இருபது முதல் நாற்பது ஆண்டுகள் வரை பயன்படுத்திய பிரான்சும் சீனாவும் நியூசிலாந்தும் ஏன் வழக்கமான அமைப்புக்குத் திரும்பின? அந்த அமைப்பே தவறானதா, அல்லது வேறு காரணங்கள் உண்டா?

அமைப்பு தவறானதன்று என்பதே என் முடிவு. புல்பப் தரும் நன்மை உண்மையானது, அளந்து காட்டக்கூடியது. ஆனால் அது ஒன்றே ஒன்றுதான். அதற்காகப் படைவீரன் கொடுக்கும் விலை பல சிறு தவணைகளாக வருகிறது. 1970களில் அந்த விலை மலிவாக இருந்தது. 2010களில் அது ஏறிவிட்டது. நன்மையின் மதிப்பும் அதே காலத்தில் குறைந்தது. இந்த இரண்டும் எப்படி நடந்தன என்பதை விளக்கினால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். வழக்கமான துப்பாக்கியில் தோட்டாக்களைக் கொண்ட மேகசினும், தோட்டாவை ஏற்றி வெடிக்கச் செய்யும் இயக்கப் பகுதியும் விரலால் இழுக்கும் விசைக்கு முன்னால் இருக்கும். விசைக்குப் பின்னால் தோளில் பதியும் பின்கட்டை இருக்கும். பெரும்பாலான வடிவங்களில் தோளை எட்டுவதைத் தவிர அதற்குப் பெரிய வேலை கிடையாது. அந்த இடம் வீணாகக் கிடக்கிறதே என்று எண்ணியவர்கள் இயக்கப் பகுதியையும் மேகசினையும் பின்கட்டைக்குள் கொண்டுபோய் வைத்து, கைப்பிடியையும் விசையையும் முன்னால் நகர்த்தினார்கள். அதுவே புல்பப். கார்பைன் என்பது இதற்கு நேர்மாறான வழியில் அதே ஊருக்குப் போகிறது: உறுப்புகளின் வரிசையை மாற்றாமல், குழலையே வெட்டிக் குறைத்து, பின்கட்டையை உள்ளே தள்ளிச் சுருக்கக்கூடியதாகச் செய்துவிடுகிறது. குதிரைப் படையினருக்காகக் குறுகிய துப்பாக்கி செய்த பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. இன்று கார்பைன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் எம்4.

எண்களை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். எம்16ஏ2 துப்பாக்கியின் குழல் 508 மில்லிமீட்டர்; மொத்த நீளம் ஏறத்தாழ 1,006 மில்லிமீட்டர். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக் என்ற புல்பப்பின் குழலும் அதே 508 மில்லிமீட்டர்தான். மொத்த நீளமோ 790 மில்லிமீட்டர். நான் ஒரு சாண் என்று சொன்னது இந்த வேறுபாட்டைத்தான். எம்4 கார்பைனின் குழல் 368 மில்லிமீட்டர். பின்கட்டையை நீட்டினால் மொத்தம் 838, உள்ளே தள்ளினால் 756 மில்லிமீட்டர். அதாவது, சுடுவதற்கு ஆயத்தமாகத் தோளில் வைத்த நிலையில் ஆக், எம்4ஐ விடக் குட்டையானது. ஆனால் அதன் குழல் 140 மில்லிமீட்டர் கூடுதல் நீளமுள்ளது. இஸ்ரேலின் எக்ஸ்95 இன்னும் ஒரு படி மேலே போய், 330 மில்லிமீட்டர் குழலை 580 மில்லிமீட்டர் நீளத்துக்குள் அடக்கிவிட்டது. வழக்கமான அமைப்பில், பின்கட்டையை மடக்காமல் சுடக்கூடிய எந்தத் துப்பாக்கியாலும் இதை எட்டமுடியாது.

குழலின் நீளம் ஏன் இவ்வளவு முக்கியம்? வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டைக் குழலுக்குள் இருக்கும் வரைதான் முழு வலுவோடு தள்ளும். குழல் நீண்டால் தள்ளும் தூரம் கூடும். குண்டின் வேகமும் கூடும். 5.56 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு இது வெறும் கணக்கு அன்று. அந்தச் சிறிய குண்டு அதன் எடையாலோ பருமனாலோ பெரிய காயம் விளைவிப்பதில்லை. உடலுக்குள் புகுந்ததும் குப்புறப் புரண்டு உடைந்து சிதறுவதாலேயே விளைவிக்கிறது. வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் அந்தச் சிதறல் நிகழாமல், குண்டு ஊசிபோலத் துளைத்து வெளியே போய்விடும். எம்855 தோட்டாவைச் சுடும்போது எம்16இன் குழல்வாயில் குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 948 மீட்டர். எம்4இல் சுமார் 905 மீட்டர். பார்வைக்குச் சிறிய வேறுபாடு. ஆனால் சிதறல் நம்பகமாக நிகழும் தூரத்தில் அது ஐம்பது மீட்டரைப் போலக் குறைத்துவிடுகிறது. ஆகவே 'குட்டையாகவும் இருக்க வேண்டும், குண்டின் வேகமும் குறையக்கூடாது' என்று கேட்ட படைத்தலைமைகளுக்கு, ஒரு காலத்தில் புல்பப்பைத் தவிர வேறு நேர்மையான விடை இருக்கவில்லை.

அந்தக் கேள்வி எழுந்த சூழலையும் பார்க்க வேண்டும். பிரிட்டன் 1951இலேயே ஈஎம்-2 என்ற புல்பப்பைத் தன் படைக்கு ஏற்றது. 889 மில்லிமீட்டர் நீளத்தில் 620 மில்லிமீட்டருக்கும் கூடுதலான குழலைக் கொண்டிருந்த அந்தத் துப்பாக்கி, தன் காலத்தைத் தாண்டிய பொறியியல் என்றே நான் கருதுகிறேன். அதே ஆண்டு ஆட்சி மாறி சர்ச்சில் பிரதமரானார். நேட்டோ நாடுகளிடையே தோட்டா ஒரே வகையாக இருக்க வேண்டும் என்ற காரணத்தால் முடிவு திரும்பப் பெறப்பட்டது. அதன் இடத்தில் வந்த எஸ்எல்ஆர் துப்பாக்கி 1,143 மில்லிமீட்டர் நீளம். இந்தியப் படையிலும் பல ஆண்டுகள் அதன் உள்நாட்டு வடிவம் புழங்கியதால், அதன் நீளமும் கனமும் நம்மவர்களுக்கு நன்கு தெரியும். இத்தகைய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கவச வாகனத்தின் சிறிய பின்கதவு வழியே எட்டுப் பேர் இறங்கி ஓடுவது எளிதன்று. ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டால் காலாட்படை முழுவதும் கவச வாகனத்தில்தான் நகரும் என்று எல்லாரும் எதிர்பார்த்த காலம் அது. இதோடு, பின்னுதை குறைந்த சிறிய தோட்டாக்களும், உறுதியான பிளாஸ்டிக் வார்ப்பும், விலை கட்டுப்படியாகும் லென்ஸ் குறிநோக்கிகளும் ஒரே பத்தாண்டில் வந்து சேர்ந்தன. ஆஸ்திரியா 1977இல் ஆக்கையும், பிரான்சு 1978இல் ஃபமாஸையும், பிரிட்டன் 1985இல் எல்85ஐயும் ஏற்றன. சீனாவின் கியூபிஇசட்-95 துப்பாக்கி 1997இல் ஹாங்காங் கைமாறியபோது உலகின் பார்வைக்கு வந்தது. சிங்கப்பூர் 1999இல் தானே வடிவமைத்த எஸ்ஏஆர் 21ஐ அறிமுகப்படுத்தியது. அங்கே தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணியை முடித்த தமிழ் இளைஞர்கள் பலருக்குத் துப்பாக்கி என்றாலே கையில் நினைவிருப்பது இந்தப் புல்பப்தான்.

குழல் நீளத்தோடு சேர்ந்து வரும் இன்னும் இரண்டு வசதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, எடை எங்கே தங்குகிறது என்பது. புல்பப்பின் எடையில் பெரும்பகுதி தோளுக்கும் கைப்பிடிக்கும் இடையே தங்கிவிடுவதால், நீண்ட நேரம் குறிபார்த்து நிற்கும்போது முன்கை அவ்வளவு சோர்வதில்லை. ஒரு கையால் கதவைத் திறக்கும்போதோ கயிற்றைப் பிடிக்கும்போதோ மறு கையால் துப்பாக்கியைத் தோளில் தாங்கிவைக்க முடிகிறது. ஆனால் புல்பப் எடை குறைந்தது என்று பலர் நினைப்பது சரியன்று. மேகசின் இல்லாத எம்4 ஏறத்தாழ 3 கிலோவுக்குள் அடங்கும்; ஆக் 3.6 கிலோ, எஸ்ஏஆர் 21 சுமார் 3.8 கிலோ, எல்85ஏ2வும் கிட்டத்தட்ட அதே எடை. இரண்டாவது வசதி சைலன்சர். குழல்வாயில் அதை மாட்டினால் துப்பாக்கி அரைச் சாணோ ஒரு சாணோ நீள்கிறது. கார்பைன் அப்போது பழைய நீளத் துப்பாக்கியாகிவிடுகிறது, புல்பப் கார்பைன் அளவிலேயே நின்றுவிடுகிறது. இந்த இரண்டாவது வசதியின் முக்கியத்துவம் இப்போதுதான் கூடிவருகிறது. பின்னால் இதற்கு வருவேன்.

இனி விலை. அதில் மிகக் கனமான தவணை தோள் மாற்றம். சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக்கூடு சூடாக, வேகமாகப் பக்கவாட்டில் தெறித்து வெளியே வரும். வழக்கமான துப்பாக்கியில் அது வெளியேறும் திறப்பு முகத்துக்கு முன்னால் தள்ளி இருப்பதால், வலது தோளிலிருந்து சுட்டாலும் இடது தோளிலிருந்து சுட்டாலும் பெரிய தொல்லை இல்லை. புல்பப்பிலோ அந்தத் திறப்பு கன்னத்தின் அருகே இருக்கிறது. வலப்பக்கம் கூட்டை வெளியே தள்ளும் புல்பப்பை இடது தோளில் வைத்துச் சுட்டால் கூடு பல்லிலோ தாடையிலோ வந்து அடிக்கும். மக்களில் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் மட்டும் இது சிக்கல் அன்று. பிரிட்டன் அந்தச் சிக்கலை, எல்லா வீரர்களையும் வலது தோளிலிருந்தே சுடப் பழக்கித் தீர்த்துக்கொண்டது. உண்மையான சிக்கல் கட்டடங்களுக்கு நடுவே வருகிறது. ஒரு சுவரின் இடது ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டியவன் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டால் அவன் உடலில் சிறு பகுதிதான் வெளியே தெரியும். மாற்ற முடியாதவன் உடலில் பாதியை வெளியே நீட்ட வேண்டும்.

வடிவமைப்பாளர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. ஆக்கில், தோட்டா அறையை மூடித் திறந்து வெற்றுக்கூட்டை வெளியே இழுக்கும் போல்ட்டை மாற்றி, இடக்கையாளருக்கான வேறொன்றைப் போட்டு, மறுபக்கத் திறப்பின் மூடியை மாற்றினால் கூடு இடப்பக்கம் வெளியேறும். ஃபமாஸிலும் கன்னப் பட்டையையும் போல்ட்டின் சிறு உறுப்பையும் இடம் மாற்றலாம். எக்ஸ்95இலும் இதற்கு வழி உண்டு. ஆனால் இவையெல்லாம் மேசைமேல் துப்பாக்கியைப் பிரித்து வைத்துக்கொண்டு செய்யும் வேலைகள். ஒரு வீரனுக்கு ஒருமுறை பொருத்திக் கொடுக்கலாமே தவிர, சுவரின் ஓரத்தில் நிற்கும்போது செய்ய முடியாது. பெல்ஜியத்தின் எஃப்2000 நேரான தீர்வைத் தேடியது: வெற்றுக்கூட்டை ஒரு குழாய் வழியே முன்னோக்கித் தள்ளி, குழல்வாய்க்குச் சற்றுப் பின்னால் வெளியே விழச் செய்தது. எந்தத் தோளிலிருந்தும் சுடலாம். அழகான தீர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இயக்கப் பகுதி மூடிக் கிடப்பதால் உள்ளே சிக்கல் ஏற்பட்டால் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்ப்பதே கடினமாயிற்று. ஸ்லோவேனியப் படை, சவூதி அரேபியாவின் தேசியக் காவல்படை போன்ற சிலவற்றைத் தவிர, பெரிய அளவில் அதை ஏற்றவை இல்லை எனலாம்.

அடுத்த தவணை மேகசின் மாற்றம். இதில் புல்பப்பின் எதிர்ப்பாளர்கள் சற்று மிகைப்படுத்துகிறார்கள் என்பது என் கருத்து. மேகசின் அக்குளுக்கு அருகே இருப்பதால், கையை முழங்கையோடு பின்னுக்கு மடக்கி, கண்ணால் பார்க்காமலேயே பொருத்த வேண்டியிருக்கிறது. நன்கு பழகியவர் இதை விரைவாகவே செய்வார். ஆனால் சம பயிற்சி பெற்ற இருவரில் வழக்கமான துப்பாக்கியை வைத்திருப்பவருக்கு இது இயல்பாக வருகிறது: மேகசின் இருக்கும் இடம் கண்ணுக்கு எதிரே, முன்கை ஏற்கெனவே இருக்கும் இடத்தின் அருகே உள்ளது. தரையில் குப்புறப் படுத்திருக்கும்போது, மார்பில் தோட்டாப் பைகளும் கவசமும் இருக்கையில், வேறுபாடு இன்னும் கூடுகிறது. தோட்டா சிக்கிக்கொண்டால் அதை எடுப்பதும் இப்படித்தான். கார்பைனில் முகத்தைத் திருப்பாமலேயே திறப்பைப் பார்த்துவிடலாம், புல்பப்பில் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கியாக வேண்டும்.

விசையின் தன்மை எல்லாரும் குறிப்பிடும் குறை. விசை முன்னால், அது விடுவிக்க வேண்டிய சுத்தி பின்னால். இடையே ஒரு நீண்ட கம்பி. அந்தக் கம்பி வளைவதாலும் உரசுவதாலும் விசையை இழுக்கும்போது எங்கே விடுபடும் என்று விரலுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. துல்லியமாகச் சுடுபவர்களுக்கு இது எரிச்சல்தான். ஆனால் இருநூறு மீட்டரில் ஆள் உயர இலக்கைச் சுட வேண்டிய சாதாரண வீரனுக்கு இது பெரிய தடை இல்லை. எக்ஸ்95 போன்ற புதிய வடிவங்களில் நன்றாகவே திருத்திவிட்டார்கள்.

காதும் மூக்கும் அப்படியன்று. துப்பாக்கி குட்டையானால் குழல்வாய் முகத்துக்கு அருகே வருகிறது. வெடியோசை காதை இன்னும் பலமாகத் தாக்குகிறது. தோட்டா அறை கன்னத்தின் கீழே இருப்பதால், குறிப்பாகச் சைலன்சர் மாட்டியபோது, பின்னோக்கித் திரும்பும் வெடிவாயு கண்ணிலும் மூக்கிலும் ஏறுகிறது. அபூர்வமாகத் தோட்டா அறையே வெடித்துவிட்டால் அது நடப்பது முகத்தின் ஓரத்தில். எஸ்ஏஆர் 21ஐ வடிவமைத்தவர்கள் இதை நேர்மையாக எதிர்கொண்டார்கள்: கன்னம் பதியும் பக்கத்தில் கவச உடைகளில் பயன்படும் கெவ்லார் என்ற வலுவான இழையாலான தகடு ஒன்றை வைத்தார்கள். ஒரு குறையை மூடி மறைக்காமல் பாதுகாப்பாக மாற்றிய அந்தப் பொறியியல் எனக்கு எப்போதும் மதிப்புக்குரியதாகத் தோன்றியிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட, முடிவைப் புரட்டிப்போட்ட காரணம் பொதுவாகக் குறைவாகவே பேசப்படுகிறது. அது பின்கட்டையின் நீளம். கைப்பிடியிலிருந்து தோள் வரை உள்ள தூரம் புல்பப்பில் பெரும்பாலும் மாறாதது; உள்ளே இயக்கப் பகுதி இருப்பதால் அதைச் சுருக்க முடியாது. 1980இல் சீருடை மட்டும் அணிந்த வீரனுக்கு அது பொருந்தியது. 2000க்குப் பிறகு ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்ட படைகளில், மார்பில் கடினமான தகடு வைத்த கவச உடை அன்றாட உடையாகிவிட்டது. தகட்டின் பருமன் தோளை முன்னுக்குத் தள்ளுவதால், அதே துப்பாக்கி அதே ஆளுக்குத் திடீரென நீளமாகிவிடுகிறது. கை நீட்டி, கழுத்தை நீட்டிக் குறிபார்க்க வேண்டியிருக்கிறது. உயரம் குறைந்தவர்களுக்கும், படையில் எண்ணிக்கை கூடிவரும் பெண்களுக்கும் தொல்லை இரட்டிப்பு. எம்4 வைத்திருப்பவர் பின்கட்டையை இரண்டு படி உள்ளே தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கிறார். ஆறு அடி ஆளும் ஐந்து அடி ஆளும், கோடையிலும் பனியிலும், கவசத்தோடும் கவசமின்றியும் ஒரே துப்பாக்கியைத் தமக்கேற்றவாறு மாற்றிக்கொள்ளலாம் என்பதே கார்பைனின் உண்மையான வலிமை என்பேன். குரோஷியாவின் விஎச்எஸ்-2 புல்பப்பிலேயே நீட்டிக் குறைக்கும் பின்கட்டையைக் கொண்டுவந்தது. ஆனால் அது வந்தபோது பல படைகள் முடிவெடுத்துவிட்டிருந்தன.

இதே காலத்தில் நன்மையின் மதிப்பும் தேய்ந்தது. குட்டைக் குழலின் குறை குண்டின் வேகம் என்று மேலே சொன்னேன். அந்தக் குறையைத் துப்பாக்கியைத் திருத்தாமல் தோட்டாவைத் திருத்தியே சரிசெய்ய முடியும் என்று அமெரிக்கா கண்டது. 2010இல் அதன் படைக்கு வந்த எம்855ஏ1 தோட்டா, எம்4இன் குட்டைக் குழலை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. வேகம் குறைந்த நிலையிலும் குண்டு நம்பகமாக உடைகிறது. அதன் பிறகு 140 மில்லிமீட்டர் கூடுதல் குழலுக்காக மேலே சொன்ன தவணைகளை எல்லாம் கட்ட வேண்டுமா என்ற கேள்வி வந்தது. ஃபமாஸுக்கு மாற்றாகப் பிரான்சு 2016இல் தேர்ந்தெடுத்த, வழக்கமான அமைப்புள்ள எச்கே416எஃப் இரண்டு அளவுகளில் வாங்கப்பட்டது. அதில் குட்டையானதன் குழல் 279 மில்லிமீட்டர்தான். ஃபமாஸின் குழல் 488 மில்லிமீட்டர். குழல் நீளத்தைப் பற்றிய பழைய அச்சம் எந்த அளவுக்கு நீங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. ஃபமாஸ் விலகியதற்கும் எல்85க்குக் கெட்ட பெயர் வந்ததற்கும் புல்பப் அமைப்பே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். உண்மை வேறு. எல்85இன் முதல் வடிவத்தில் உலோகப் பகுதிகளின் தரம், மேகசினைத் தாங்கும் பிடி, பிளாஸ்டிக் பகுதிகள் எனப் பல குறைகள் இருந்தன. 1991 வளைகுடாப் போரின் மணலில் அவை அம்பலமாயின. அதைத் தயாரித்த என்ஃபீல்டு தொழிற்சாலை 1988இல் மூடப்படும் நிலையில் இருந்ததும், வேலை நாட்டிங்ஹாமுக்கு மாறியதும் தரத்துக்கு உதவவில்லை. பின்னர் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் 2000க்குப் பிறகு இயக்கப் பகுதிகளைத் திருத்திக் கொடுத்ததும், அதே புல்பப் அமைப்பில், அதே துப்பாக்கி நம்பகமானதாகிவிட்டது. அமைப்பு குற்றவாளியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஃபமாஸின் கதையும் இப்படித்தான். அதன் இயக்கம் எஃகுக் கூடுள்ள தோட்டாக்களுக்காக அமைக்கப்பட்டது. உலகெங்கும் கிடைக்கும் பித்தளைக் கூட்டுத் தோட்டாக்கள் அதற்குச் சரிவரவில்லை. அதைச் செய்த செந்த்-எத்தியென் நகரத் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. உதிரிப் பாகமும் உரிய தோட்டாவும் இல்லாத துப்பாக்கியை, அது எந்த அமைப்பில் இருந்தாலும், எந்தப் படையும் வைத்துக்கொள்ள முடியாது.

சீனாவின் நிலை சற்று வேறு. கியூபிஇசட்-95இன் பாதுகாப்புப் பொத்தான் பின்கட்டையின் கடைசியில் இருந்தது. கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமல் அதைத் தொட முடியாது. திருத்திய வடிவத்தில் அதைக் கைப்பிடி அருகே கொண்டுவந்தார்கள். ஆயினும் வலது தோளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது, குறிநோக்கிகளைப் பொருத்த நீளமான மேல்பட்டை இல்லாதது ஆகிய குறைகள் தொடர்ந்தன. 2019 அக்டோபர் 1 அணிவகுப்பில் அதன் இடத்தை எடுத்துக்கொண்டதாகக் காட்டப்பட்ட கியூபிஇசட்-191, வழக்கமான அமைப்பு, நீட்டிக் குறைக்கும் பின்கட்டை, நீண்ட மேல்பட்டை ஆகியவற்றோடு வந்தது. தன் சொந்தத் தோட்டா, சொந்தத் தொழிற்சாலை எல்லாம் வைத்திருந்த நாடு, எந்த வெளிக்கட்டாயமும் இல்லாமல் எடுத்த முடிவு அது. எனவே புல்பப்புக்கு எதிரான சான்றுகளில் நான் அதிக எடை கொடுப்பது பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் அன்று, சீனாவுக்குத்தான்.

இன்னொரு காரணம் சந்தை. எம்16, எம்4 ஆகியவற்றின் குடும்பமான ஏஆர் வகைத் துப்பாக்கிகளைப் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் எத்தனையோ நிறுவனங்கள் செய்கின்றன. பின்கட்டை, கைப்பிடி, மேல்பட்டை, விசைத் தொகுதி என்று எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடியவை. புல்பப் ஒவ்வொன்றும் தனித் தீவு. ஆக்கின் உறுப்பு எல்85க்கு உதவாது. நியூசிலாந்து போன்ற சிறிய படை, ஆக்கை விட்டுவிட்டு 2015இல் ஏஆர் வகைத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்ததில் இந்தக் கணக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மலேசியாவும் ஆக்கைப் பயன்படுத்திய பின் எம்4ஐ உள்நாட்டில் செய்யும் வழிக்குப் போனது. மேலும், உலகின் சிறப்புப் படைகள் பலவும் எம்4 குடும்பத்தையே கையாள்வதால், மற்ற வீரர்களும் அதையே விரும்பத் தொடங்கினார்கள். பிரிட்டனின் சிறப்புப் படை, நாடு முழுவதும் எல்85 இருந்தபோதும், கனடாவில் செய்த ஏஆர் வகைக் கார்பைனையே வைத்திருந்தது.

விட்டவர்களைப் பற்றியே பேசிவிட்டால் படம் முழுமையாகாது. ஆஸ்திரேலியா தன் லித்கோ தொழிற்சாலையில் ஆக்கைத் திருத்தி இஎஃப்88 என்ற புதிய வடிவமாக்கித் தொடர்கிறது. இஸ்ரேல் 2009இல் எக்ஸ்95ஐத் தன் காலாட்படையின் எதிர்காலத் துப்பாக்கியாக அறிவித்தது. கவச வாகனத்தில் ஏறி இறங்கி, அடுத்த நிமிடம் குறுகிய படிக்கட்டில் ஏறும் படைக்கு அது பொருந்துகிறது. இந்தியாவில் பாரா சிறப்புப் படை, கடற்படையின் கமாண்டோப் பிரிவான மார்கோஸ் ஆகியவை இஸ்ரேலின் மற்றொரு புல்பப்பான டாவோர் துப்பாக்கியைக் கையாள்கின்றன. மத்திய ரிசர்வ் போலீஸ் படையிடம் எக்ஸ்95 உண்டு. குவாலியர் அருகே மாலன்பூரில் இவற்றைச் செய்யும் ஆலையும் 2017இல் திறக்கப்பட்டது. காட்டிலும் ஹெலிகாப்டரிலும் நெருக்கமான வீடுகளிலும் வேலை செய்யும் சிறு குழுக்களுக்குக் குட்டையான துப்பாக்கி இன்றும் பெரும் உதவிதான். அதே இந்தியக் காலாட்படை முழுவதற்கும் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், பின்கட்டையைச் சுருக்கக்கூடிய வழக்கமான கார்பைன் என்றே சொல்வேன். லடாக்கின் பனியுடையிலும் ராஜஸ்தானின் வெயிலிலும் ஒரே துப்பாக்கி பொருந்த வேண்டும். பயிற்சி நேரம் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. குறைந்த பயிற்சியில் கைக்கு இயல்பாக வருவது வழக்கமான அமைப்பே.

இறுதியாக, சைலன்சருக்கு வருவதாகச் சொன்னேன். அமெரிக்கத் தரைப்படை 5.56க்கு மாற்றாக 6.8 மில்லிமீட்டர் தோட்டாவைத் தேர்ந்தெடுத்த போட்டியில், வீரர் ஒவ்வொருவரின் துப்பாக்கியிலும் சைலன்சர் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் பகுதியாக இருந்தது. கடைசி வரை வந்தவற்றில் ஆர்எம்277 என்ற புல்பப்பும் ஒன்று. நீண்ட குழல், அதன்மேல் சைலன்சர், ஆயினும் கைக்கடக்கமான நீளம் என்ற பழைய வாதத்தை அது புதிய சூழலில் முன்வைத்தது. 2022 ஏப்ரலில் வென்றதோ சிக் சாவர் நிறுவனத்தின் வழக்கமான அமைப்பு. அது 330 மில்லிமீட்டர் குழலை வைத்துக்கொண்டு, தோட்டாவின் உள்ளழுத்தத்தை வழக்கத்துக்கு மேல் ஏற்றி வேகத்தைப் பெற்றுக்கொண்டது. அந்த உயர்ந்த அழுத்தம் குழலின் ஆயுளுக்கும் பின்னுதைக்கும் என்ன செய்யும் என்பது களத்தில் பல ஆண்டுகள் கழிந்த பின்பே தெரியும். பிரிட்டனும் 2023இல் கடற்படைக் கமாண்டோக்களுக்கும் ரேஞ்சர் படைப்பிரிவுக்கும் சைலன்சரோடு கூடிய ஏஆர் வகைத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து, எல்85க்கு முழுமையான மாற்றையும் தேடிக்கொண்டிருக்கிறது. சைலன்சர் எல்லாக் காலாட்படைக்கும் அன்றாடப் பொருளாகிவிட்டால், குட்டைக் கார்பைன் மீண்டும் எம்16இன் நீளத்தை நெருங்கும்; அப்போது அந்த ஒரு சாணின் மதிப்பைப் படைகள் மறுபடியும் கணக்கிட வேண்டிவரும்.